மெஹந்திக்குள் ஒரு சோஹைல்

அத்தியாயம் 9

தருமபுரி ஜில்லாவில் கல்யாணம் நின்றுபோக ஆயிரத்தெட்டுக் காரணங்கள் உண்டு. தாளிச்சாவில் எலும்பு குறைந்ததால் நின்றிருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முன்வரிசை நாற்காலி போடாததால் நின்றிருக்கிறது. ஆனால் நாத்தனார் எடுத்த செல்பியால் நிற்கப்போகிற கல்யாணத்தை வேளாங்கண்ணி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

அவள் பார்க்காத கல்யாணமா? கூரியர் ஆபீசில் இருபது வருடம் பார்சல்களைத் தூக்கிப் பார்த்தே உள்ளே புடவையா புகைப்படமா என்று சொன்னவள், இப்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். தொழில், வரன் விசாரணை. அவள் விசாரித்து நின்றுபோன கல்யாணங்களால் இரண்டு மண்டபங்கள் குடோன்களாகிவிட்டன என்று ஊரில் பேச்சு. ஒன்றுதான் ஆனது. ஆனால் பெரிய மண்டபம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் செருப்புக்கடை முனாப் பாய் வீட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உதவியாளர் மாது. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங்கை விட்டாலும் பேச்சை விடவில்லை.

"மேடம், சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள அந்த சோஹைல் யாருன்னு தெரிஞ்சாகணும்" என்றார் முனாப் பாய். குரல் உடைந்திருந்தது. "இல்லேன்னா ஜமாத்துல சொல்லி நாளைக்கு நிக்காஹை நிறுத்திடறோம்னு மாப்பிள்ளை வூட்ல சொல்லிட்டாங்க."

நடந்தது இதுதான். அவர் மகள் சமரீனுக்கும் தருமபுரி இத்ரீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மணப்பெண்ணின் மெஹந்திக் கொடிக்குள் மாப்பிள்ளையின் பெயரை ஒளித்து எழுதுவதும், நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இப்போது எல்லா வீட்டிலும் விளையாட்டு. அன்று காலை இத்ரீஸின் அக்கா வஹிதா வந்து, சமரீனின் வலது கையைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்து ஒரு செல்பி எடுத்தாள். போன் திரையில், சுண்டுவிரலுக்குக் கீழே, கொடிக்குள்ளிருந்து ஒரு பெயர் எட்டிப் பார்த்தது. சோஹைல்.

வஹிதா வந்த ஆட்டோ திரும்பிப் போவதற்குள் அந்தப் பெயர் தருமபுரி போய்ச் சேர்ந்து, வழியில் இரண்டு ஊரில் டீயும் குடித்துவிட்டது.

"கையைக் காட்டு கண்ணு" என்றாள் வேளாங்கண்ணி.

சமரீன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மெஹந்தி மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது.

"சோஹைல்னு எனக்கு யாரையும் தெரியாதுங்கக்கா. எங்க தெருவுல, ஸ்கூல்ல, எங்கயும் அந்தப் பேருல ஆளே இல்ல."

வேளாங்கண்ணி பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வலது கைக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடியில் பெயர் நேராகத் தெரிந்தது. கையில் அது இடம் வலமாகத் திரும்பியிருந்தது; செல்பித் திரையும் கண்ணாடி மாதிரி அதைத் திருப்பிக் காட்டியிருக்கிறது. இடது கையில் அதே இடத்தில் அதே பெயர், ஆனால் நேராக.

"ரெண்டு கையிலயும் எழுதியிருக்குதே மேடம்" என்றார் மாது. "பையன் ரொம்ப வேண்டியவனா இருப்பான் போல."

"ஒண்ணு நேரா, ஒண்ணு திரும்பி. மனசுல இருக்கறவன் பேரை எவளாச்சும் கண்ணாடியில படிக்கிற மாதிரி எழுதுவாளா மாதண்ணே?"

"எங்க வூட்டு அம்மா என் பேரை வாயால சொல்லியே நான் கேட்டதில்லைங்க. எழுத்தெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்."

அவள் இன்னொன்றையும் பார்த்தாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு இடம் வெறுமையாக இருந்தது. கொடி அந்த இடத்துக்கு வந்ததும் ஏதோ கல்லைக் கண்ட வாய்க்கால் போல வளைந்து சுற்றிக்கொண்டு போயிருந்தது. இரண்டு கையிலும் அப்படியே. விரலால் தடவினாள். அங்கே கல்லும் இல்லை, காயமும் இல்லை. வழுவழுவென்று பத்தொன்பது வயதுத் தோல்.

"யாரு போட்டது?"

சமரீன் தன் அத்தா முனாப் பாயைப் பார்த்தாள். அத்தா பதில் சொன்னார். "ஹுமேரா. தருமபுரி ஹுமேராவே நேர்ல வந்து போட்டாங்க."

மெஹந்தியில் ஹுமேரா என்றால் சேலம் வரைக்கும் பெயர். ஒரு கைக்குப் போட்ட டிசைனை இன்னொரு கைக்குப் போடமாட்டாள். பெண்ணின் வாயால் கேட்காமல் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாள்.

"அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க மேடம்" என்றார் முனாப் பாய். "பொண்ணு சொல்லாம ஹுமேரா பேரு எழுதமாட்டாங்களே, அப்போ உங்க பொண்ணுதான் சொல்லியிருக்குதுன்னு கேக்கறாங்க. நான் என்னத்த சொல்றது?"

சமரீன் தரையைப் பார்த்தாள். பதிலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறவர்களை வேளாங்கண்ணிக்குத் தெரியும். ஆனால் அத்தா அங்கே தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவள் கைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாதுவின் ஆம்னி வேன் பொம்மிடி வழியாகத் தருமபுரிக்குப் போனது. மேடு வந்தால் அந்த வண்டி மூச்சு வாங்கும். பின்னால் வருகிற டிராக்டர்காரர்கள் தாமாகவே இறங்கி வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். பழகிவிட்டது.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலைங்க மேடம்."

"பொண்ணு சொல்லல. அப்பா சொல்றாரு. ஏன்னுதான் தெரியல."

"மகளைத் தூக்குல போடற பொய்யை எந்த அப்பன் சொல்லுவான்?"

"அதான் மாதண்ணே எனக்கும் புரியல."

ஹுமேராவின் வீடு குமாரசாமிப்பேட்டையில் சின்ன சந்து ஒன்றில் இருந்தது. முப்பத்திநாலு வயது. வந்தவர்களுக்கு நன்னாரி சர்பத் கலக்க உள்ளே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பிரெட்டிப்பட்டிக்கா? நான் போகவே இல்லைங்களே. செருப்புக்கடை பாய் போன் பண்ணாரு. ரேட்டு சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. இன்னும் யோசிச்சுட்டு இருக்காருன்னு நெனச்சேன்."

மாது சிரிப்பை அடக்கிக்கொண்டார். தூண் மாதிரி நின்ற முனாப் பாய் எதை மறைத்தார் என்று வேளாங்கண்ணிக்குத் தெரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் ஹுமேராவே வந்தாள் என்று பெருமை அடித்தாயிற்று. இனி வாயைத் திறந்தால் மகள் தப்புவாள், மானம் போகும். முனாப் பாய் கணக்குப் போட்டுப் பார்த்து மானத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தக் கைக்குப் போட்டது?"

"ஸ்டிக்கரா இருக்கும்" என்றாள் ஹுமேரா. அந்தச் சொல்லையே இரண்டு விரலால் தூக்கி வெளியே எறிவது போலச் சொன்னாள். "கையில ஒட்டி, மேலே மெஹந்தியைப் பூசி, பிச்சு எடுத்தா டிசைன். அஞ்சு நிமிஷம். ரெண்டு மாசமா எனக்கு வர்ற பொண்ணுங்க பாதியாயிட்டாங்க. அந்தக் கருமத்தை நான் கையால தொட்டதுகூட இல்லைங்க."

மாதுவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. அவர் மெல்லப் போனை எடுத்து மனைவி கண்ணம்மாளுக்கு வீடியோ கால் போட்டார்.

"கண்ணு, போன வாரம் உன் தம்பி வூட்டுக் காதுகுத்துக்குக் கையில ஏதோ போட்டிருந்தியே. காட்டு."

"என்னங்க திடீர்னு? அடுப்புல குழம்பு கொதிக்குது."

"கொதிக்கட்டும். காட்டு. இடது கை. சுண்டுவிரலுக்குக் கீழே."

மாது போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிறம் மங்கிப்போன கொடிக்குள்ளிருந்து அந்தப் பெயர் அவரையும் பார்த்தது. முப்பத்திரண்டு வருட தாம்பத்தியத்தை அவர் ஒருமுறை ரிவர்ஸில் ஓட்டிப் பார்த்தார்.

"மேடம்" என்றார். "எங்க வூட்லயும் இருக்காருங்க."

"யாருங்க இருக்காரு?" என்றது போன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. அந்த ஸ்டிக்கர் பாக்கெட் இருந்தா காட்டு."

கண்ணம்மாள் குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று, சோடி. பாக்கெட்டின் மேலே தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது: 'கலைஞரின் ஒரிஜினல் டிசைன். உங்களுக்காக மட்டுமே.' மூலையில் இதுவரை பத்தாயிரம் சோடி விற்பனை என்று ஒரு நட்சத்திரமும் இருந்தது.

"பத்தாயிரம் பேருக்கு மட்டுமே" என்றார் மாது.

வேளாங்கண்ணி தன் போனில் இருந்த சமரீனின் கைப்படத்தை ஹுமேராவிடம் நீட்டினாள். ஹுமேரா வாங்கிப் பார்த்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடது கையை மூடிக்கொண்டாள்.

"கையைத் திறங்க" என்றாள் வேளாங்கண்ணி மெதுவாக.

ஆள்காட்டி விரலுக்குக் கீழே மிளகு அளவில் வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது.

"சின்னதுல ஊதுபத்தி சுட்டது" என்றாள் ஹுமேரா. "தழும்புல மெஹந்தி பிடிக்காது. அதனால சுத்தி விட்டேன். இது என் கைங்க. என் நிக்காஹ்க்கு நானே போட்டுக்கிட்டது. வலது கையால இடது கைக்குத்தானே போட முடியும்? வலது கைக்கு எங்க அக்கா ஏதோ கிறுக்கி வெச்சுது."

ஒரு கைப்படம்தான் இருந்திருக்கிறது. அதையே திருப்பிப் போட்டு வலது கைக்கும் அச்சு எடுத்திருக்கிறார்கள். பெயரும் திரும்பிவிட்டது, இல்லாத தழும்புக்குப் பத்தாயிரம் சோடிக் கைகள் வழிவிட்டிருக்கின்றன.

"சோஹைல் யாருங்க?"

"எங்க வூட்டுக்காரர்."

கலக்கிய சர்பத் வந்தது. யாரும் குடிக்கவில்லை. மாது மட்டும் குடித்தார்.

"ஸ்டுடியோக்காரன்தான்" என்றாள் ஹுமேரா. கண்ணில் நீர் முட்டியது. "ஆல்பம் பீரோவுல இருக்குது. வேற யாரு கைக்குப் போகும்? எங்க வூட்டுக்காரர் ஒருத்தர் பார்க்கணும்னு போட்டதுங்க அது. அந்த ஒரு டிசைனை மட்டும் நான் மறுபடி யாருக்கும் காட்டினதில்ல."

வேளாங்கண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஸ்டுடியோக்காரனோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரியோ யாராக இருந்தாலும் விற்பதற்கு முன் பெயரை அழித்திருப்பார்கள். ஊரான் பெயர் இருக்கிற டிசைனை எந்தக் கம்பெனி வாங்கும்? அப்படியென்றால் கொடுத்தவருக்குப் பெயர் அந்த இடத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் மணப்பெண் கையில் பெயர் இருக்கும் என்பது இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். பெயர் வேறெங்கோ இருப்பதாக நம்பிய ஆள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

வாசலில் மொபெட் நின்றது. ஹுமேராவின் கணவர் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வளையல், ரிப்பன், கிளிப்பு மொத்த வியாபாரம். முகத்திலேயே நல்ல மனிதர் என்று எழுதி ஒட்டியிருந்த மாதிரி ஒரு ஆள்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார் சோஹைல், யார் என்று தெரியாமலேயே.

"ஒரே ஒரு கேள்விங்க அண்ணே" என்றாள் வேளாங்கண்ணி. "உங்க நிக்காஹ் அன்னிக்கு இவங்க கையில உங்க பேரைக் கண்டுபிடிச்சீங்களா?"

சோஹைல் மகிழ்ச்சியாகச் சிரித்தார். "அஞ்சே நிமிஷத்துல. எல்லாரும் கை தட்டினாங்க. வீடியோவுலகூட இருக்குது."

"எங்க இருந்துச்சு?"

"மயில் கழுத்துல."

மாது தலையைக் குனிந்துகொண்டார். போன் படத்தில் உள்ளங்கை நடுவிலிருந்த மயிலின் கழுத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வளையங்கள். பெயர் இரண்டு அங்குலம் தள்ளி, சுண்டுவிரலுக்குக் கீழே பதினோரு வருடமாகக் காத்திருந்தது.

"அந்த ஆல்பத்தை எப்போ ஸ்கேன் பண்ணீங்க அண்ணே?"

கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்ததால் பதிலும் அப்படியே வந்துவிட்டது. "பங்குனியில. பெங்களூர்க்காரன் ஒருத்தன் நல்ல டிசைன் இருந்தா குடுன்னு..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்தார். மொபெட் சாவி கையிலிருந்து விழுந்தது.

"ஹுமேரா, நீ ஒருத்தி உக்காந்து எத்தனை கைக்குப் போடுவே? முதுகு வலின்னு சொல்றியே. உன் கலை பத்தாயிரம் பேரு கைக்குப் போகட்டுமேன்னுதான். அதுல என் பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டேன், உனக்கு சங்கடமா இருக்கும்னு."

"பேரு போட வேண்டாம்னு சொன்னீங்களா" என்றாள் ஹுமேரா.

வேளாங்கண்ணி போனை அவர் கையில் கொடுத்தாள். சோஹைல் நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் உதடு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டியது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல.

மணி இரண்டு.

"அஸருக்கு ரெண்டு மணி நேரம் இருக்குது" என்றாள் வேளாங்கண்ணி. "உங்க வழக்கை அப்புறம் பேசிக்கலாம். ஒரு பொண்ணு அங்க அழுதுட்டு இருக்குது. ரெண்டு பேருமே வரணும்."

ஹுமேரா தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வந்தால் ஊர் முன்னால் தன் உள்ளங்கையை விரிக்க வேண்டும். "துப்பட்டா எடுத்துட்டு வரேன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்துக்கென்று ஊரிலிருக்கிற அத்தனை பிளாஸ்டிக் நாற்காலியும் வந்திருந்தது. வேளாங்கண்ணி போனில் வரச்சொல்லியிருந்த முனாப் பாய் ஒரு மூலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே நின்றார். நடுவில் வஹிதா.

"சோஹைல் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றாள் வேளாங்கண்ணி. "அதுக்கு முன்னாடி, உங்க கை நல்லாச் செவந்திருக்குதே. யாரு போட்டா?"

வஹிதாவுக்கு அந்த நேரத்திலும் பெருமை வந்தது. "பார்லர்ல. கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு எனக்குன்னே போட்ட டிசைனாக்கும்."

"ஒரு செல்பி எடுக்கலாங்களா? வலது கையைக் கன்னத்துல வைங்க."

வஹிதா வைத்தாள். செல்பி என்றால் அவளுக்குக் கை தானாகவே வந்துவிடும். திரையைப் பார்த்துச் சிரித்தவள், சிரிப்பைக் கழற்றி வைக்க மறந்து அப்படியே நின்றாள். தோளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார்.

"வஹிதா" என்றார் அவர், மிகவும் பணிவாக. "யாரு அது சோஹைல்?"

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை முழுக்கச் சொல்ல முடியாது. இத்ரீஸின் அம்மா, சின்னம்மா, கொழுந்தியாள் என்று ஒவ்வொரு கையாக விரிந்தது. ஏழு சோஹைல். கூடத்திலிருந்த ஆண்கள் தங்கள் தங்கள் மனைவியின் கையைப் பல வருடங்களுக்குப் பிறகு உற்றுப் பார்த்தார்கள்.

"நான்தாங்க சோஹைல்" என்று வாசலில் நின்ற மனிதர் சொன்னபோது ஏழு கணவர்களும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். மாது முன்னெச்சரிக்கையாக அவர் முன்னால் போய் நின்றுகொண்டார்.

ஹுமேரா நடுவில் வந்து இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தழும்பைக் காட்டினாள். நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கணவனைப் பற்றிச் சொல்லும்போதும் குரல் ஏறவில்லை.

இத்ரீஸின் அம்மா முனாப் பாயைப் பார்த்தார். "ஏன் பாய், ஹுமேராவே வந்து போட்டுச்சுன்னு சொன்னீங்களே?"

ஒரிஜினல் தோலா டூப்ளிகேட் தோலா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிற முனாப் பாய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சரக்கைத் தானே டூப்ளிகேட் என்று ஒப்புக்கொண்டார். "ஸ்டிக்கருதாங்க. மச்சான் பொண்ணு ஒட்டி விட்டுச்சு. பெரிய இடத்துச் சம்பந்தம், கொறச்சலா தெரியக்கூடாதுன்னு... எம் பொண்ணு காலையிலயே உண்மையைச் சொல்லிடலாம்னு சொல்லிச்சு. நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

இத்ரீஸின் அம்மா தன் கையிலிருந்த சோஹைலை ஒருமுறை பார்த்தார். மகள் கையிலிருந்ததையும் பார்த்தார். எந்தக் கையை நீட்டி அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது?

"நாளைக்குப் பதினோரு மணி நிக்காஹ். சொன்னபடி சொன்ன நேரத்துக்கு" என்றார். "வஹிதா, அந்தப் பொண்ணுக்குப் போனைப் போடு. நீயே சொல்லு. முதல்ல மன்னிப்பு, அப்புறம் நேரம்." பிறகு ஹுமேராவிடம் திரும்பினார். "எம் பையன் நாளைக்குத் தேடறப்போ வேற ஆளு வரக்கூடாதும்மா. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"இப்பவே போறேங்க" என்றாள் ஹுமேரா.

முனாப் பாய் அவளைக் கும்பிடப் போனார். "ரேட்டை யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

வாசலில் மாது வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். சோஹைல் ஹுமேராவின் பின்னாலேயே வந்தார். அரை நாளில் அரை ஆளாகியிருந்தார்.

"நிக்காஹ்ல நான் மயில் கழுத்துன்னு சொன்னப்பவே தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னே?"

ஹுமேரா செருப்பை மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் கை தட்டிட்டாங்க. பரவால்ல, என்னிக்காச்சும் ஒரு நாள் ஆல்பத்தைத் திறந்து நீங்களே தேடுவீங்கன்னு விட்டுட்டேன்."

"திறந்தேனே" என்றார் சோஹைல், பாவமாக.

"திறந்தீங்க. ஸ்கேன் பண்ண."

வேளாங்கண்ணி வேனில் முன்சீட்டில் ஏறி நேராக ரோட்டைப் பார்த்தாள். எந்தப் பக்கமும் திரும்பாமல் இருப்பதும் துப்பறியும் தொழிலில் ஒரு பாடம்தான். மாது மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹுமேரா பின்சீட்டில் உட்கார்ந்தாள். சோஹைல் கதவைப் பிடித்தபடி, ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

"நிக்காதீங்க" என்றாள் அவள். "வூட்டுக்குப் போய் மெஹந்திக் கோன் நாலு எடுத்துட்டு வாங்க. ரெண்டு பத்தாது. அந்தப் பொண்ணு கையில உங்க பேரை மூடணும்னா பெரிய பூவா போடணும்."

சோஹைல் ஓடினார்.